வெளியாளா இருந்தா நிம்மதி!

ஒரு சின்ன டெஸ்ட். பெரிய வீடு. தாத்தா செத்துக் கிடக்கிறார். இயற்கையான சாவு இல்லை, விஷம். வீட்டுக்குள்ள இருக்கிறவங்கள்ல ஒருத்தர்தான் செஞ்சிருக்கணும். மகன்கள், மருமகள்கள், பேரப் பிள்ளைகள், கொழுந்தியாள்னு ஒரு பக்கம். தாத்தா கடைசிக் காலத்துல கட்டிக்கிட்ட ரெண்டாவது மனைவி இன்னொரு பக்கம். அவருக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஐம்பது வயசுக்கு மேல வித்தியாசம். யோசிக்காம டக்குனு சொல்லுங்க... யார் மேல கை நீட்டுவீங்க?

பார்த்தீங்களா! கதையே இன்னும் ஆரம்பிக்கலை. அதுக்குள்ள பாதிப் பேரோட கை ஒரே பக்கம் நீண்டிருக்கும். அப்படி நீளுற கையைப் பத்தித்தான் அகதா கிறிஸ்டி 1949-ல ஒரு முழு நாவல் எழுதியிருக்காங்க. பேரு 'க்ரூக்கட் ஹவுஸ்'. தமிழ்ல சொன்னா கோணல் வீடு.

அகதா கிறிஸ்டின்னாலே நமக்கு ரெண்டு பேர் ஞாபகத்துக்கு வருவாங்க. மீசையை முறுக்கிவிட்ட ஹெர்க்யூல் பாய்ரோ, ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே கேஸ் பிடிக்கிற மிஸ் மார்ப்பிள். இந்த நாவல்ல ரெண்டு பேருமே கிடையாது. கடைசி அத்தியாயத்துல எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டு உட்கார வெச்சு, 'கொலையாளி இந்த அறையிலதான் இருக்கார்'னு லெக்சர் கொடுக்க ஆளே இல்லை. அதனாலயே கதை ரொம்ப பயமா இருக்கு. நம்மளக் காப்பாத்த யாரும் வரமாட்டாங்கன்னு பத்தாவது பக்கத்துலயே தெரிஞ்சுபோகுது.

கதைச் சுருக்கம் இதான். பயப்படாதீங்க, கொலையாளி யாருன்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேன். சார்லஸ் ஹேவர்ட்னு ஒரு இளைஞன். ரெண்டாம் உலகப் போர் முடியுற நேரத்துல எகிப்துல சோபியா லியோனிடிஸ்ங்கிற பொண்ணைச் சந்திக்கிறான். காதல். இங்கிலாந்துக்குத் திரும்பி வந்ததும் கல்யாணம் பேசலாம்னு இருக்கும்போது பேப்பர்ல ஒரு இரங்கல் அறிவிப்பு. சோபியாவோட தாத்தா அரிஸ்டைட் லியோனிடிஸ் காலமானார். வயசு எண்பதைத் தாண்டியாச்சு, போக வேண்டிய காலம்தானேன்னு விட முடியலை. ஏன்னா அது கொலை. 'யார் செஞ்சதுன்னு தெரியாம நான் உன்னைக் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்'னு சோபியா தெளிவா சொல்லிடுறா. சார்லஸோட அப்பா ஸ்காட்லாண்ட் யார்டுல பெரிய அதிகாரி. அப்புறம் என்ன, பையன் அந்த வீட்டுக்குள்ள நுழையறான்.

வீட்டுக்குப் பேரு 'த்ரீ கேபிள்ஸ்'. லண்டனுக்கு வெளிய ஸ்வின்லி டீன்ங்கிற கற்பனை ஊர்ல இருக்கு. சின்னக் குடிசை வீட்டை ஊதிப் பெருசாக்கின மாதிரி ஒரு கட்டடம். உள்ள மூணு குடும்பம். மூத்த மகன் ரோஜர் பாசக்காரர், ஆனா பிசினஸ்ல சுத்தமா தேறாதவர். அவர் மனைவி கிளெமென்சி, உணர்ச்சியை வெளிய காட்டாத விஞ்ஞானி. ரெண்டாவது மகன் பிலிப் எப்பவும் புத்தகங்களுக்குள்ளயே இருக்கிறவர். அவர் மனைவி மேக்டா நாடக நடிகை. வீட்டுல சாவு விழுந்தா அதுக்கும் ஒரு என்ட்ரி, ஒரு டயலாக் மாடுலேஷன் வெச்சிருக்கிற ரகம். அவங்க பிள்ளைங்க சோபியா, யூஸ்டஸ், ஜோசஃபின். தாத்தாவோட முதல் மனைவி இறந்ததும் பிள்ளைங்களை வளர்க்க வந்து அப்படியே தங்கிட்ட கொழுந்தியாள் ஈடித். பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்ற லாரன்ஸ். வயசான ஆயா. இவங்களோட அந்த ரெண்டாவது மனைவி பிரெண்டா. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க ஒரு டீக்கடையில பரிமாறுற வேலை பார்த்தவங்க.

இப்போ கொலைக்கு வருவோம். நான் பி.ஃபார்ம். இறுதியாண்டு. அதனால இந்த இடத்துல என்னையும் அறியாம நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின் ஊசி. கண்ணுலயும் பிரச்னை, அதுக்கு எஸரின் சொட்டு மருந்து. யாரோ இன்சுலின் பாட்டிலுக்குள்ள கண் மருந்தை ஊத்தி வெச்சுட்டாங்க. ஊசி போட்டது யாரு? வழக்கம்போல பிரெண்டா. 'இதை மாத்திப் போட்டா நான் காலி'ன்னு ஒரு தடவை தாத்தாவே பேச்சுவாக்குல சொல்லியிருக்கார். குடும்பமே அதைக் கேட்டிருக்கு. அதாவது கொலை பண்ற டெக்னிக் வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

இதை எழுதினவங்களுக்கு மருந்து புதுசு இல்லை. முதல் உலகப் போர் சமயத்துல டார்க்கி ஊர்ல ஆஸ்பத்திரி மருந்தகத்துல வேலை பார்த்து, 1917-ல அதுக்கான பரீட்சையும் எழுதி பாஸ் பண்ணினவங்க கிறிஸ்டி. ரெண்டாம் உலகப் போர்ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியிலயும் அதே வேலை. அதனாலதான் அவங்க கதைகள்ல விஷம் ஏனோதானோன்னு வராது. 'ஏதோ ஒரு மர்ம மருந்து'ன்னு ரீல் விட மாட்டாங்க. அலமாரியில எந்தத் தட்டுல என்ன பாட்டில் இருக்கும்னு தெரிஞ்ச ஆளு எழுதினது மாதிரி இருக்கும்.

சரி, கதை எனக்கு ஏன் முக்கியம்? விசாரணை ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்தே அந்த வீட்டுல எல்லார் மனசுலயும் ஒரு வேண்டுதல் ஓடுது. 'கடவுளே, அது பிரெண்டாவா இருக்கணும்.' சோபியா புத்திசாலி, நியாயமானவ. அவளே சார்லஸ்கிட்ட மனசைத் திறந்து சொல்றா. கொலை நடந்ததைக் கூடத் தாங்கிக்கலாம், செஞ்சது 'சரியான' ஆளா இருந்துட்டா போதும்ங்கிற அர்த்தத்துல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கொலையாளியில சரியான ஆள், தப்பான ஆள்னு இருக்கா என்ன?

இருக்கு. சரியான ஆள்னா வெளியாள். அவ போயிட்டா வீடு பழையபடி ஆயிடும். மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ செஞ்சிருந்தா, அப்புறம் சாப்பாட்டு மேஜையில யார் முகத்தை யார் பார்க்குறது?

பிரெண்டா செஞ்சாங்களா இல்லையான்னு நான் சொல்லப்போறதில்லை. அவங்களே செஞ்சிருந்தாலும் என் பாயின்ட் மாறாது. அந்த வீட்டுல ஆதாரம் வர்றதுக்கு முன்னாடியே ஆசை வந்துடுச்சு. ஆதாரம்கிறது அந்த ஆசைக்குப் போடுற சட்டை.

இதை நான் புத்தகத்துல மட்டும் பார்க்கலை. எங்க அம்மா நாலு வீட்டுல சமையல் வேலை பார்க்குறாங்க. நான் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது, அதுல ஒரு வீட்டுல ரெண்டு பவுன் செயின் காணாமப் போச்சு. அந்த வீட்டுல ஆறு பேர். போன வாரம் வந்துட்டுப் போன விருந்தாளிங்க வேற. யாரும் அம்மாவை 'நீ எடுத்தியா'ன்னு கேட்கலை. அப்படியெல்லாம் கேட்டா அநாகரிகம் இல்லையா? 'கடைசியா நீங்க எப்போ பார்த்தீங்க?'ன்னு மட்டும் கேட்டாங்க. அம்மாகிட்ட மட்டும் கேட்டாங்க. மறுநாள் போனப்போ பெட்ரூம் கதவு பூட்டியிருந்துச்சு. மூணாவது நாள், 'ஊருக்குப் போறோம், நாங்களே போன் பண்றோம், அப்போ வந்தா போதும்'னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்க எந்த ஊருக்கும் போகலை.

பன்னெண்டு நாள் கழிச்சு போன் வந்துச்சு. 'நாளையிலிருந்து வந்துடுங்க.' அவ்வளவுதான். செயின் கிடைச்ச விஷயத்தை அந்த வீட்டுல யாரும் அம்மாகிட்ட சொல்லலை. கீழ் வீட்டுல பாத்திரம் தேய்க்கிற அக்கா சொல்லித்தான் தெரியும். எங்க கிடைச்சுது, யார் வெச்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அம்மா மறுபடி அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாங்க. அது என் செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம்.

அதனால பிரெண்டா வர்ற ஒவ்வொரு பக்கத்தையும் நான் கொஞ்சம் மெதுவாத்தான் படிச்சேன். ஒரு இடத்துல அவங்க சார்லஸ்கிட்ட அழுதுக்கிட்டே பேசுவாங்க. இந்த வீட்டுல எல்லாருக்கும் என்னைப் பிடிக்காதுன்னு. மத்தவங்க கண்ணுக்கு அது நடிப்பு. நடிகை மேக்டா போடுற டிராமாவை அதே குடும்பம் ரசிக்குது, பிரெண்டா அழுதா மட்டும் நடிப்பாம்! அழுகைக்குக் கூட அங்க சொந்த ஆள், வெளியாள் கணக்கு.

இதுல பெரிய காமெடி என்ன தெரியுமா? செத்துப்போன தாத்தாவே ஒரு வெளியாள்தான். ஸ்மிர்னாவுல இருந்து வந்த கிரேக்கர். ஸ்மிர்னாங்கிறது இன்னிக்கு துருக்கியில இருக்கிற இஸ்மீர் நகரம். இங்கிலாந்துக்கு வந்து ஹோட்டல் தொழில்ல கோடி கோடியா சம்பாதிச்சு, ஒரு பெரிய பண்ணைக் குடும்பத்துப் பொண்ணைக் கட்டிக்கிட்டார். அன்னிக்கு அந்தப் பொண்ணு வீட்டுல இவரை எப்படிப் பார்த்திருப்பாங்க? கொழுந்தியாள் ஈடித்துக்கு அவரைக் கடைசி வரைக்கும் சுத்தமா ஏத்துக்க முடியலை. ஒரு தலைமுறை தாண்டுச்சு. வெளியாளோட பிள்ளைங்க உள்ளாள் ஆயிட்டாங்க. இப்போ அவங்களுக்கு ஒரு வெளியாள் தேவைப்படுது. பஸ்ல முண்டியடிச்சு ஏறினதும் 'உள்ள இடமில்ல, அடுத்த வண்டியில வாங்க'ன்னு சொல்வோமே, அதே கதை.

அப்புறம் அந்த எஸரின். இதோட கதை நாவலை விட மர்மமானது. எங்க பாடத்துல ஃபைசோஸ்டிக்மைன்னு வரும். மேற்கு ஆப்பிரிக்காவுல, இன்னிக்கு நைஜீரியாவுல இருக்கிற கலபார் பகுதியில விளையுற ஒரு கொட்டையில இருந்து எடுக்குறது. 1864-ல தனியா பிரிச்சு எடுத்தாங்க, 1877-ல கிளாகோமாவுக்கு மருந்தா பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. ஊமத்தை விஷத்துல இருக்கிற அட்ரோபினுக்கு இது முறிவு மருந்தும்கூட. ஆனா மருந்தாகிறதுக்கு முன்னாடி அந்தக் கொட்டைக்கு வேற வேலை இருந்துச்சு. கலபார்ல ஒருத்தர் மேல சூனியம் வெச்சதா பழி வந்தா, அவருக்கு அந்தக் கொட்டையைக் கொடுப்பாங்க. வாந்தி எடுத்துப் பிழைச்சா நிரபராதி. செத்தா குற்றவாளி. விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே கொட்டையில முடிஞ்சுது!

நாம சிரிக்கலாம், 'என்ன மூடநம்பிக்கை'ன்னு. ஆனா கவனிங்க, அங்க கொட்டை தின்னு நிரூபிக்க வேண்டியது பழி சுமக்குறவர் மட்டும்தான். பழி சொன்னவர் எதுவும் சாப்பிட வேண்டியதில்லை. கிறிஸ்டி இந்த மருந்தை அதுக்காகத்தான் தேர்ந்தெடுத்தாங்களான்னு தேட நான் போகலை. என் காலேஜ் பாடமும் இந்த நாவலும் பக்கத்துப் பக்கத்துல வந்ததும் எனக்குத் தோணினது இது. அந்த விஷம் 'த்ரீ கேபிள்ஸ்'லயும் அதே வேலையைத்தான் பார்க்குது. ஒருத்தரைக் கொன்னுட்டு, மீதி எல்லாரையும் பரீட்சை பண்ணுது.

'அட, ஒரு குடும்பம் மனசுக்குள்ள என்ன நினைச்சா என்ன, கோர்ட் இருக்குல்ல?'ன்னு நீங்க கேட்கலாம். அன்னிக்கு இங்கிலாந்துல கொலைக்குத் தூக்கு. பிரிட்டன்ல அதை நிறுத்தி வெச்சதே 1965-லதான். நாவல் வெளியான அதே 1949-ல லண்டன்ல, ரில்லிங்டன் பிளேஸ் பத்தாம் நம்பர் வீட்டுல ஒரு நிஜக் கேஸ். டிமோதி எவன்ஸ்னு ஒரு ஏழைத் தொழிலாளி, சரியா எழுதப் படிக்கத் தெரியாதவர். மனைவியும் கைக்குழந்தையும் கொல்லப்பட்டிருந்தாங்க. போலீஸ்ல முன்னுக்குப் பின் முரணா வாக்குமூலம் கொடுத்தார். கோர்ட்டுல, 'கீழ் வீட்டுக்காரர்தான் செஞ்சார்'னு சொன்னார். கீழ் வீட்டுக்காரரோ போர்க்காலத்துல போலீஸ்ல வேலை பார்த்தவர், பேச்சு மரியாதையா இருக்கும். ஜூரி அவரைத்தான் நம்புச்சு. குழந்தையைக் கொன்னதா 1950 மார்ச்சுல எவன்ஸைத் தூக்குல போட்டாங்க. 1953-ல அதே வீட்டுல மேலும் பெண்களோட உடல்கள் கிடைச்சுது. கொன்னது அந்த மரியாதையான கீழ் வீட்டுக்காரர். எவன்ஸுக்கு மன்னிப்பு 1966-ல கிடைச்சுது. செத்துப் பதினாறு வருஷம் கழிச்சு! கீழ் வீட்டுக்காரர் பேரு ஜான் கிறிஸ்டி. நம்ம எழுத்தாளருக்கும் அவருக்கும் பேர்ப் பொருத்தத்தைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை.

யாரைச் சந்தேகப்படுறது நமக்கு ஈஸியோ, அவங்க கழுத்துக்குத்தான் கயிறு முதல்ல போகுது.

நாவல்ல குறையே இல்லையா? இருக்கு. சார்லஸ் ஹீரோவாம். ஆனா ஆள் துப்பறியறதை விட, சோபா சோபாவா மாறி உட்கார்ந்து கதை கேட்குறதுதான் அதிகம். சார்லஸ்-சோபியா காதல், உப்புச் சப்பில்லாத கேன்டீன் சாம்பார். நடுவுல ஒரு ஐம்பது பக்கம் வீட்டை விட்டு வெளிய போய்க் காத்து வாங்கிட்டு வரலாமான்னு தோணும். எனக்குப் பெரிய சண்டை இன்னொரு விஷயத்துல. இந்தக் குடும்பத்து ரத்தத்துலயே இரக்கமில்லாத குணம் ஓடுதுன்னு நாவல் திரும்பத் திரும்பச் சொல்லுது. அம்மா வழி ஒரு மாதிரி, அப்பா வழி இன்னொரு மாதிரின்னு கணக்கு வேற. இந்த 'ரத்தம்' தியரி எனக்கு ஒத்துக்கலை. ரத்தத்தை வெச்சு மனுஷனை எடை போட்டா, அது மறுபடியும் அதே கை நீட்டுற வேலைதான். அந்த வீட்டுல யாரும் யாரோடும் உண்மையா பேசுறதில்லை. சின்னவங்க சொல்றதைப் பெரியவங்க காதுல வாங்குறதில்லை. எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் பாசமா இருக்காங்க, ஆனா யாரும் யாரையும் கவனிக்கிறதில்லை. வீடு கோணலாக இது போதாதா? எதுக்கு ரத்தத்தை இழுக்கணும்?

ஆனா முடிவு... அங்க கிறிஸ்டிக்கு ஒரு பெரிய சல்யூட். 'ட்விஸ்ட்'டுன்னு சொன்னா அதை அவமானப்படுத்துற மாதிரி. படிச்சு முடிச்சதும் கைதட்டத் தோணலை. புத்தகத்தை மூடி வெச்சுட்டு, ஹாஸ்டல் மொட்டை மாடியில கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். க்ளூ எல்லாம் கண்ணெதிர்லயே, வெளிச்சத்துலயே இருக்கு. யாரும் ஒளிச்சு வைக்கலை. அந்த வீட்டுக்காரங்க அந்தப் பக்கம் திரும்பலை, அவ்வளவுதான். ஒரு பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தா இன்னொரு பக்கம் இருட்டுன்னு அர்த்தம் இல்லையே.

கிறிஸ்டிக்கே இது ரொம்பப் பிடிச்ச நாவல். முன்னுரையிலேயே அப்படித்தான் சொல்றாங்க. பல வருஷம் மனசுல வெச்சிருந்து எழுதினதாம். அவங்க சுயசரிதையில தனக்கு அதிகத் திருப்தி தந்ததா ரெண்டு துப்பறியும் கதைகளைச் சொல்றாங்க. ஒண்ணு இது. இன்னொண்ணு 1958-ல வந்த 'ஆர்டீல் பை இன்னசென்ஸ்'. அதுலயும் ஒரு குடும்பக் கொலை. வீட்டோட தறுதலைப் பிள்ளைதான் செஞ்சான்னு தண்டனை கொடுத்து, அவன் ஜெயில்லயே செத்தும் போயிட்டான். எல்லாருக்கும் நிம்மதி. ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து, 'அன்னிக்கு அந்தப் பையன் என்னோட கார்ல வந்தான், அவன் செஞ்சிருக்க முடியாது'ன்னு சொல்றார். யாருக்கும் சந்தோஷம் வரலை. 'ஏன்யா வந்தே?'ன்னு பார்க்குறாங்க! அறுபதுக்கும் மேல துப்பறியும் நாவல் எழுதினவங்களுக்குப் பிடிச்ச ரெண்டும் இதே கேள்வியைச் சுத்தி வருதுன்னா, அது தற்செயல்னு எனக்குத் தோணலை.

2017-ல இது படமாவும் வந்துச்சு. கிளென் க்ளோஸ் ஈடித்தா நடிச்சிருக்காங்க. நல்ல படம்தான், ஆனா புத்தகத்தை முதல்ல படிச்சுடுங்க. இங்கிலீஷ் கஷ்டமா இருக்குமோன்னு பயப்பட வேண்டாம். கிறிஸ்டியோட வாக்கியங்கள் சின்னது, டிக்‌ஷனரி எப்பவாவதுதான் தேவைப்படும். ரெண்டு ராத்திரி போதும். யாராவது 'கடைசியில யாருன்னு சொல்லவா?'ன்னு கேட்டா காதைப் பொத்திக்கிட்டு ஓடிடுங்க.

லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ அம்மாவுக்கு இந்தக் கதையை முழுசா சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டே கேட்டாங்க. யார் கொலையாளின்னு தெரிஞ்சப்போ பெருசா எதுவும் சொல்லலை. கத்தியை வெச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"ஏம்ப்பா, அந்தப் பிரெண்டாவுக்குப் பொறந்த வீட்டு ஆளுங்க யாரும் வரலையா?"

கதையில அப்படி யாரும் வர்றதில்லை. நானும் மறுபடி புரட்டிப் பார்த்துட்டேன்.